வராத நாளின் கையெழுத்து

கண்ணாயிரம் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் எந்தக் காகிதத்தையும் மேலிருந்து கீழ்வரை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டான். கோமுகி வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடும் நாட்களில் மடை திறந்துவிடும் லஸ்கர் நோட்டை நீட்டினால், மற்றவர்கள் நின்ற வாக்கில் கிறுக்கிவிட்டு மடையைப் பார்த்து ஓடுவார்கள். இவன் வரப்பில் உட்கார்ந்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, தேதி சரியா, மணி சரியா என்று பார்த்து, 'ரா. கண்ணாயிரம்' என்று புள்ளி வைத்து முடிப்பதற்குள் பக்கத்து வயலில் பாதி நனைந்திருக்கும்.

"இன்னாத்துக்குய்யா இவ்ளோ நேரம்? கலெக்டரா நீ?" என்பார் லஸ்கர்.

"கலெக்டரு தெனம் நூறு போடுவாரு. எனக்கு இருக்கிறது ஒண்ணுதாங்க."

அவனுக்கு ஒரே தம்பி அரங்கநாதன், ஏழு வயது இளையவன். அப்பா ராமசாமி செத்தபோது தம்பி ஆறாவது படித்துக்கொண்டிருந்தான். அவனை வாத்தியார் வேலைக்குப் படிக்கவைக்க வடக்கனந்தல் ஏரிக்குக் கீழே இருந்த காணி நிலத்தை விற்றது அண்ணன்தான். கல்வராயன் மலையில், கரியாலூரில் இறங்கி நாலு மைல் நடக்கவேண்டிய ஒரு சின்ன ஊருக்கு, ஒரே வாத்தியார் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஆர்டர் வந்தது. கண்ணாயிரம் அந்த ஆர்டரையும் மூன்று தடவை படித்தான். "தம்பி வாத்தியாரு" என்று கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கேட்காமலே சொன்னான். அந்தப் பெருமை ஒன்றரை வருஷம் தாங்கியது.

அரங்கநாதனுக்குப் பள்ளிக்கூடம் என்பது இரண்டு வியாபாரங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்துகிற இடம். மலை ஏறும்போது மொபெட்டில் சோப்பு, உப்பு, பீடிக்கட்டு. இறங்கும்போது மாசியில் கடுக்காய், சித்திரையில் புளி, ஆனியில் பலாப்பழம். சாயங்காலம் கள்ளக்குறிச்சியில் டியூஷன். வழியில் எவனாவது சாதிச் சான்றுக்கு மனு எழுதச் சொன்னால், மைல்கல்லின்மேல் காகிதத்தை வைத்தே எழுதிக் கொடுப்பான். ஒரு தடவை கோழிக்குஞ்சு வாங்கி வளர்த்துப் பார்த்தான். குஞ்சுகள் நாலே நாளில் செத்தன. குஞ்சு வந்த பெட்டியை விற்றுவிட்டு வந்தான்.

"எல்லாம் பள்ளிக்கூடம் போக மீதி நேரத்துலதாண்ணா" என்று சோற்றில் கை வைத்தபடி சொல்வான்.

"மீதி நேரம் எதுன்னு கேளுங்க" என்பாள் கண்ணாயிரத்தின் பெண்டாட்டி அமிர்தம். "காலையில பத்து மணிக்கு ஆரம்பிக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு முடியும்."

அண்ணன் அதைப் பெண்கள் வாய் என்றுதான் நினைத்தான். எண்பத்தேழாம் வருஷம் ஆடியில் ஒரு வியாழக்கிழமை, கறவை மாடு ஒன்று விலைக்கு இருக்கிறதென்று மலைக்குப் போனவன், வந்தது வந்தோம், தம்பி பாடம் நடத்துவதைப் பார்ப்போம் என்று அந்தப் பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தான்.

பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் புளி மலைபோல் குவிந்திருந்தது. ஆளுக்கொரு கல் வைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் நாற்காலியில் உள்ளூர் ஆள் சடையன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், காவல் இருந்தான்.

"சார் எங்க?"

"திங்கக்கிழமை வருவாருங்க, புளி எடுத்துக்கினு போக."

"பாடம்?"

"கொட்டையை எண்ணி வைக்கச் சொன்னாருங்க. கணக்குப் பாடமாம்."

மேஜையில் வருகைப் பதிவேடு கிடந்தது. கண்ணாயிரம் எதையும் படிக்காமல் விடுகிறவனா? விரித்துப் பார்த்தான். அன்று வியாழன். மறுநாள் வெள்ளிக்கிழமைக் கட்டத்திலும், காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, தம்பியின் கையெழுத்து வளைந்து நெளிந்து உட்கார்ந்திருந்தது. முந்தின வாரங்களையும் புரட்டினான். ஐந்து நாளும் ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்டது. மாட்டைப் பார்க்காமலே இறங்கிவிட்டான்.

"நாளைக்கு நீ செத்துப்போறேன்னு வையி" என்றான் அன்று தம்பியிடம். "செத்தவன் வெள்ளிக்கிழமை எப்படிடா வந்து கையெழுத்துப் போட்டான்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"அந்த மலைக்கு எவண்ணா வந்து பாக்கப் போறான்?" என்று சிரித்தான் அரங்கநாதன். "நீ ஒருத்தன்தான் நடந்து வந்த."

புரட்டாசி பிறக்கிற அன்று தொடங்கி, இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று சங்கத்துக்காரர்கள் முன்னாலேயே ஊர் ஊராகச் சொல்லிவிட்டார்கள். அந்த வாரத் திங்கட்கிழமையே அரங்கநாதன் மலைக்குப் போய், ஒரு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். ஊரில் அவனவன் உத்தியோகத்தையும் உயிரையும் நினைத்து நின்றபோது, இவன் நினைத்தது புளியை. மறியல் தொடங்கியது. மறியல்காரர்கள் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டார்கள். லாரி நின்றது. கள்ளக்குறிச்சிக் கடைகளில் புளி விலை ஏறியது. பள்ளிக்கூட அலமாரியிலோ இரண்டு மூட்டைப் புளி சும்மா கிடந்தது. அடுத்த திங்கட்கிழமை விடிந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு வண்டிப்பாதை வழியாக மலைக்குப் போனான். பள்ளிக்கூடத்தைத் திறந்தான். மூட்டையைக் கட்டினான். பூட்டினான்.

போனவன் அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் அழுக்கு வேட்டியோடு வாசலில் வந்து நின்றான். கச்சிராயபாளையத்துக்கு இந்தப்பக்கம், விழுந்து கிடந்த புளியமரத்தை மொபெட்டோடு சுற்றிப்போகும்போது போலீஸ் வந்திருக்கிறது. சாலையில் இருந்தவர்களை எல்லாம் வேனில் ஏற்றி, கள்ளக்குறிச்சியில் ஒரு நெல் மண்டியில் அடைத்துவிட்டார்கள். விடும்போது மொபெட்டைக் கொடுத்தவர்கள் புளியைக் கொடுக்கவில்லை.

"மூட்டையைப் பிரிச்சுப் பாத்துட்டு, மரத்தையும் வெட்டிட்டு பழத்தையும் மூட்டை கட்டிக்கினியாடான்னு கேக்கறாங்கண்ணா."

"புரட்டாசியில எந்த மரத்துலடா பழம் இருக்குது? கொட்டை எடுத்து உப்புப் போட்டு வச்ச பழம்புளி. அதைச் சொல்றதுக்கு உனக்கு வாய் இல்லியா? ஊருக்கெல்லாம் மனு எழுதறியே."

"சொல்லலாம். எங்க இருந்து எடுத்தாந்தன்னு கேட்டா? பள்ளிக்கூடத்துல இருந்துன்னு சொல்றதா?"

தம்பி இன்னும் வாசலைத் தாண்டி உள்ளே வராமல் நின்றான். ஏதோ மிச்சம் இருக்கிறது என்று அமிர்தத்துக்குத் தெரிந்துவிட்டது.

"பேரு கேட்டிருப்பாங்களே?" என்றாள்.

"கேட்டாங்க அண்ணி."

"சொன்னீங்களா?"

"சொன்னேன்." மடியிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து அண்ணனிடம் நீட்டினான். "அண்ணன் பேரை."

சொந்த ஜாமீனில் விட்ட காகிதம். வடக்கனந்தல், ராமசாமி மகன் கண்ணாயிரம், வாரம் ஒரு முறை திங்கட்கிழமை தோறும் டேசனில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும்.

"அடப்பாவி மனுசா!" என்றாள் அமிர்தம். "அவரு அன்னிக்குக் கரும்புக்குத் தண்ணி கட்டிக்கினு இருந்தாரு!"

"எம்பேரைச் சொன்னா வேலை போயிடும் அண்ணி. திங்கக்கிழமை நான் மலையில இருந்ததா பதிவேட்டுல இருக்குது. மண்டியில இருந்ததா போலீசுல இருக்குது. ஒரே ஆளு ரெண்டு எடத்துல எப்படி இருக்க முடியும்? அண்ணன் பயிர் வைக்கிற சம்சாரி. ஒரு கேஸ் இருந்தா அவருக்கு இன்னா போயிடப் போவுது?"

"சம்சாரிக்குப் போறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றான் கண்ணாயிரம் மெல்ல. "அப்படித்தான?"

அவன் காகிதத்தை இன்னும் படித்துக்கொண்டிருந்தான். டேசனுக்குப் போய் உண்மையைச் சொல்ல அரை மணி நேரம் போதும். சொன்னால் தம்பியின் வேலை அன்றோடு சரி. ஏரிக்குக் கீழே விற்ற காணியில் இப்போது எவனோ நட்ட கரும்பு ஆள் உயரம் நிற்கிறது. அதை விற்று வாங்கியது இந்த ஒரு வேலையைத்தான். அதுவும் போனால், அந்த நிலத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்ததாக ஆகிவிடும். காகிதத்தின் அடியில் தன் பேரில் தம்பி போட்டிருந்த கையெழுத்தை விரலால் தொட்டான்.

"ரா-வுக்குப் பக்கத்துல புள்ளி வைக்கலடா" என்றான். "திருடறதையாவது ஒழுங்காத் திருடக் கூடாதா?"

பிறகு கையை நீட்டினான். "மொபெட்டு சாவி."

"அண்ணா, அது இல்லாம நான்..."

"குடு. திங்கக்கிழமையில இருந்து தெனம் முதல் பஸ்ஸு. கரியாலூர்ல இறங்கு. நட. பாடம் நடத்து. சாயங்காலம் இறங்கு. நடந்த களைப்புல டியூஷனும் வேணாம், கடுக்காயும் வேணாம். எந்த வாரம் ஒரு நாள் தவறுதோ, அந்தத் திங்கக்கிழமை டேசன்ல எம்பேரைப் போடமாட்டேன். உம்பேரைப் போட்டுட்டு வருவேன்."

அப்படித்தான் நடந்தது. தினமும் முதல் பஸ் வருமுன் கண்ணாயிரம் நிறுத்தத்தில் நின்றான். தம்பியின் பையை வாங்கி, அடிவரை கைவிட்டுப் பார்த்தான். இரண்டாம் நாள் சாக்பீஸ் டப்பாவுக்கு அடியில் எட்டு சோப்பு இருந்தது. பஸ்ஸுக்கு நின்ற சனங்களின் முன்னால் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் துண்டில் கட்டிக்கொண்டான்.

"வாத்தியாரு மலைப் பசங்களைக் குளிப்பாட்டப் போறாரு போல" என்றான் ஒருவன். அரங்கநாதன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

திங்கட்கிழமைகளில் கண்ணாயிரம் சலவை வேட்டி கட்டிக்கொண்டு டேசனுக்குப் போனான். மண்டியில் கூட்டத்தோடு கூட்டமாகக் கிடந்தவனின் முகத்தை அங்கே எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. செய்யாத குற்றத்துக்கு, மரம் வெட்டப் போனவர்களோடும், வேடிக்கை பார்க்கப் போனவர்களோடும் வரிசையில் நின்றான். "நீயுமாய்யா?" என்று சிலர் தோளைத் தட்டினார்கள். சிலர், "இத்தினி நாளா யோக்கியன் வேசமா?" என்றார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டே அவன் தேதியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டான்.

ஐப்பசி பிறக்கும் சமயம் கல்வி ஆபீசில் வாத்தியார்களுக்குக் கூட்டம் நடந்தது. அன்று சாயங்காலம் அரங்கநாதன் பூரித்த முகத்தோடு வந்தான். மறியல் வாரத்தில் அந்த வட்டாரத்திலேயே ஒரு நாள்கூடத் தவறாமல் பள்ளிக்கூடம் நடத்திய ஒரே ஆசிரியர் என்று அதிகாரி மேடையில் அவன் பேரைப் படித்து, கைதட்டச் சொல்லி, ஒரு பேனாவும் கொடுத்தாராம். பேனாவை அண்ணன் முன்னால் வைத்தான்.

கண்ணாயிரம் அதைத் தொடவில்லை. இலையில் விழுந்த பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"மை ஜாஸ்தி ஊத்தி வைங்க தம்பி" என்றாள் அமிர்தம். "ஓய்வு பெறுற வரைக்கும் ஒரே நாள்ல போட்டுடலாம்."

தீபாவளிக்கு முந்தின திங்கட்கிழமை டேசனில் ஏட்டு ஆதிமூலம் அவசரத்தில் இருந்தார். "தீவாளிக்கு ஊருக்குப் போறேன். வர்ற திங்கக்கிழமை நான் இருக்கமாட்டேன். எல்லாரும் அடுத்த வாரத்துக்கும் சேத்துப் போட்டுட்டுப் போங்க" என்றார். ஆட்களுக்குச் சந்தோஷம். ஒவ்வொருவனும் இரண்டு கையெழுத்தாகப் போட்டுவிட்டு நடையைக் கட்டினான்.

கண்ணாயிரத்தின் முறை வந்தது. கையைத் துடைத்தான். தேதியைப் பார்த்தான். ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை வைத்தான்.

"இன்னொண்ணு?"

"அது வர்ற திங்கக்கிழமைக்கு உள்ளதுங்க."

"நான்தான்யா சொல்றேன். போடு. எவன் வந்து பாக்கப் போறான்?"

அந்த வார்த்தையை அவன் ஏற்கெனவே கேட்டிருக்கிறான். முகம் ஒரு கணம் கறுத்தது.

"வராத நாளுக்குப் போடறவன் எங்க வூட்ல வேற ஒருத்தன் இருக்கிறானுங்க" என்றான். "அவன் நான் இல்ல."

ஏட்டுக்கு அது விளங்கவில்லை. "மறை கழண்ட கேசு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டு நோட்டை மூடினார்.

அடுத்த திங்கட்கிழமை கையெழுத்துப் போட டேசனுக்கு வேறு ஒருவரும் வரவில்லை. கண்ணாயிரம் தம்பியை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நேரே அங்கே போய், வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். நோட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள் வர மத்தியானம் ஆயிற்று. வந்தவர் சலித்துக்கொண்டே அதைத் தேடி எடுத்துப் போட்டார். அந்தப் பக்கத்தில் எல்லார் கட்டமும் நிரம்பியிருந்தது, இவனுடையதைத் தவிர. கண்ணாயிரம் மேலிருந்து கீழ்வரை படித்தான். பிறகு ரா எழுதினான், பக்கத்தில் புள்ளியை அழுத்தி வைத்தான்.