எஹலியகொடவிலிருந்து திருச்சிக்கு: அம்மாவுக்கு ஒரு புது இடுப்பு மூட்டு

கடந்த பெப்ரவரியில் அம்மாவை இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சைக்காகத் திருச்சிக்கு அழைத்துப் போய் வந்தேன். நாங்கள் இலங்கையில், எஹலியகொடவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் இருக்கிறோம். போவதற்கு முன், எங்களைப் போன்ற தோட்டத்து ஆட்கள் யாராவது இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று இணையத்தில் தேடிப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் ஆஸ்பத்திரி விளம்பரங்கள்தான். அதனால் நானே எழுதுகிறேன்.

அம்மா இருபது வருடத்துக்கு மேல் றப்பர் மரத்தில் பால் வெட்டியவர். கடைசி இரண்டு வருடமாக இடது காலை இழுத்துத்தான் நடந்தார். இரத்தினபுரியில் எக்ஸ்ரே எடுத்தபோது இடுப்பு மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம், ஆனால் முறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி பதினாறு இலட்சம் கேட்டது. திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இந்திய ரூபாயில் ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் என்று பதில் வந்தது. நம் காசில் ஏறக்குறைய ஆறரை இலட்சம். என் சேமிப்பும் அம்மாவின் சேமலாப நிதியில் மருத்துவத்துக்காக எடுத்ததும் சேர்ந்தால் ஒரு பயணத்துக்குப் போதும். இன்னொரு முறை போக வழியே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. கடையில் மிச்சக் காசைக் குறைத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் என்பதால், பேச வேண்டிய வேலையெல்லாம் என் தலையில்தான் விழும்.

விசா பெரிய சிக்கல் இல்லை. திருச்சி ஆஸ்பத்திரி அனுப்பிய கடிதத்தை வைத்து அம்மாவுக்கு மருத்துவ விசாவும் எனக்குத் துணையாள் விசாவும் எடுத்தோம். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், அதற்குத் தனியாகக் காசில்லை.

விடிய ஐந்து மணிக்கு வேன். ஓட்டியவர் கீழ் ஊர் நிமல் அண்ணன். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம், பதினேழாயிரம் ரூபாய். அம்மாவும் அவரும் வழி முழுக்கச் சிங்களத்தில் கதை. ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் வேகத்தைக் குறைத்து வலிக்கிறதா என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் அம்மா சிரித்துக்கொண்டே இல்லை என்றார். பின் சீட்டிலிருந்து பார்த்த எனக்கு, சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்த அம்மாவின் கை தெரிந்தது.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வந்தபோது அம்மா ஏற மறுத்தார்.

"அதுல ஒக்காந்தா நோயாளின்னு நெனைப்பாங்க புள்ள."

"விசாவுலயே நோயாளின்னுதாம்மா போட்டிருக்கு."

அம்மா ஏறி உட்கார்ந்தார். திருச்சிக்கு ஒரு மணி நேரப் பறப்புதான். சீட் பெல்ட்டைப் போட்டுக் கழற்றியது போல இருந்தது.

திருச்சியில் ஆட்டோக்காரர் முந்நூறு ரூபாய் வாங்கினார். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, சிலோன்காரர்கள் வேறு மாதிரி அல்லவா பேசுவார்கள், நீங்கள் எங்கள் ஊர் மாதிரியே பேசுகிறீர்களே என்று ஆச்சரியப்பட்டார். இங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்றும் கேட்டார். "இருந்தா நாங்க எதுக்குங்க லாட்ஜுக்குப் போறோம்?" என்றார் அம்மா. ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே லாட்ஜ், நாளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய். லிஃப்ட் இருக்கிறதா, உட்காரும் கழிவறை இருக்கிறதா என்று கேட்டபிறகே அறை எடுங்கள். சாப்பாட்டுக்குக் குறையில்லை. தேநீர் மட்டும் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, இது தேத்தண்ணி இல்லை, பாயாசம் என்றார்.

மறுநாள் காலை டொக்டரைப் பார்த்தோம். ஐம்பது வயதிருக்கும், அமைதியான மனிதர். எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா வலி இருக்கு?" என்று கேட்டார்.

"வலியெல்லாம் இல்லைங்க தொரை. நல்லாத்தான் இருக்கேன்."

இரவில் தூங்க முடிகிறதா? நல்லா தூங்குறேங்க. படி ஏற முடிகிறதா? ஏறுறேங்க. எழுதிக்கொண்டிருந்த டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். படத்தை வைத்து அறுவை சிகிச்சை செய்வதில்லை, வலியை வைத்துத்தான் செய்வோம், இவ்வளவு நன்றாக நடமாடுகிறவரை இப்போது கீற வேண்டாம், மாத்திரை தருகிறேன், ஒரு வருடம் கழித்து வாருங்கள் என்று பொறுமையாக விளக்கினார். அம்மா கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். எனக்கு வாய் வரவில்லை. டொக்டர் மணி அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டும்விட்டார்.

அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் புரியும். எங்களிடம் ஒரு நாள் வேலைக்குப் பெயர் 'பேர்'. முழு நாள் வேலை செய்தால் முழுப் பேர், பாதியில் நின்றால் அரைப் பேர். வலி என்று டிஸ்பென்சரிக்குப் போனால் அன்றைய பேர் விழாது. அடிக்கடி போனால் வெட்டுகிற மரங்களையே வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் மேசைக்குப் பின்னால் இருக்கிற யார் கேட்டாலும் சுகமாக இருக்கிறேன் என்பதுதான் அம்மாவின் பதில். கடல் தாண்டி வந்து, வலிக்கு வைத்தியம் செய்கிற ஆளிடமே அதைச் சொல்லிவிட்டார்.

கதவைத் திறந்துவிட்டோம். வெளியே அடுத்த நோயாளி எழுந்து நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பினேன்.

"டொக்டர், அம்மா பொய் சொல்றாங்க."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அம்மா என்னை முறைத்தார். "அது படிச்ச புள்ளைங்க. அதுக்கு வேலை வெட்டி பத்தி என்ன தெரியும்?"

டொக்டர் எங்களைத் திரும்ப உட்காரச் சொன்னார். நான் பேர் விழாத கதையை இரண்டு மூன்று தடவை தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அம்மாவிடம் றப்பர் மரத்தை எப்படி வெட்டுவீர்கள், நான் பார்த்ததே இல்லை, காட்டுங்கள் என்றார். அறை மூலையில் உயரம் அளக்கிற கம்பம் ஒன்று நின்றது. அதுதான் மரம்.

அம்மாவின் முகமே மாறிவிட்டது. டொக்டரின் பேனாவைக் கத்தியாகப் பிடித்துக்கொண்டு, இடது மேலிருந்து வலது கீழாகப் பட்டையைச் சீவிக் காட்டினார். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் வராது என்று டொக்டருக்குப் பாடமே நடத்தினார். மேல் வெட்டு முடிந்தது. கீழ் வெட்டுக்குக் குனிய வேண்டும். குனியவில்லை. கம்பத்தை இடது கையால் கட்டிப்பிடித்து, முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டு இறங்கப் பார்த்தார். மரம் என்றால் தாங்கியிருக்கும். கம்பம் சாய்ந்தது. டொக்டர் எட்டிப் பிடித்திராவிட்டால் அம்மா விழுந்திருப்பார்.

இரண்டு வருடமாக மலையில் அவர் அப்படித்தான் வேலை செய்திருக்கிறார். ஒவ்வொரு மரத்தையும் கட்டிப்பிடித்து. எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

டொக்டர் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தானும் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, இங்க வலிக்குதுன்னு சொன்னா யாரும் உங்க பேரை வெட்ட மாட்டாங்க."

அம்மா கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். பிறகு, "அப்படின்னா வலிக்குதுங்க" என்றார். எங்கே என்று கேட்டதும் தொடங்கினார், கால் மணி நேரம் நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் சிகிச்சை நடந்தது, இரண்டு மணி நேரம். மறுநாளே கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்து நடக்க விட்டார்கள். முதல் அடி வைத்ததும் அம்மா நின்று, காலைக் குனிந்து பார்த்தார். உள்ளே இருந்த பழைய வலியைக் காணோம், தையல் வலி மட்டும்தான் இருக்கிறது என்று நர்ஸிடம் சொன்னார். ஏதோ தொலைந்த சாமானைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. ஆறு நாள் வார்டு, பிறகு லாட்ஜில் மூன்று வாரம். தினமும் உடற்பயிற்சி. கடைசி வாரம் ஊன்றுகோலோடு தெருமுனை வரை நடந்து போய், டீக்கடைக்காரரிடம் பால் இல்லாமல் சாயத் தேத்தண்ணி போடச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்.

திரும்பும்போது திருச்சி விமான நிலையச் சோதனையில் கருவி கத்தியது. உள்ளே உலோகம் இருந்தால் எடுத்து வையுங்கள் என்றார் சோதனை செய்த பெண். "உள்ளதான் இருக்குங்க, எடுத்துத் தர முடியாது" என்றார் அம்மா. அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பக்கத்து வரிசையும் திரும்பிப் பார்த்தது. டிஸ்சார்ஜ் அறிக்கையைக் கைப்பையில் வைத்திருந்ததால் உடனே விட்டுவிட்டார்கள். நீங்களும் அதைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். ஆஸ்பத்திரி சொல்கிற தொகைக்கு மேல் மருந்து, தங்குமிடம், சாப்பாடு, உடற்பயிற்சிக்கு மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வைக்கிற மூட்டு எந்த வகை, விலையில் அதுவும் சேர்த்தியா என்று எழுத்தில் கேளுங்கள். விமானத்தில் எப்போது ஏறலாம் என்று டொக்டர் சொன்ன பிறகே திரும்பும் டிக்கெட்டை உறுதி செய்யுங்கள். விசா விதிகள் மாறும், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் அழைத்துப் போகும் நோயாளியிடம், டொக்டரிடம் வலியை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே பேசிவிடுங்கள். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். வாய் வராது என்று எனக்குத் தெரியும். வரும்.

போன வாரம் அம்மாவை இரத்தினபுரிக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸில் அவரே ஏறினார். இளம் சிங்கள டொக்டர் ஒருவர், "ரிதெனவத அம்மே?" என்று வலியைப் பற்றிக் கேட்டார். இடுப்பில் துளியும் இல்லை என்று அம்மா சிங்களத்தில் சொன்னபோது, பழக்கத்தில் அவர் கையைப் பார்த்தேன். மடியில் விரிந்து கிடந்தது. உண்மைதான். அதோடு முடிந்தது என்று டொக்டர் நினைத்திருக்க வேண்டும். அம்மா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, வலது தோளில் தொடங்கினார், பிறகு மணிக்கட்டு, பிறகு கடைவாய்ப் பல். டொக்டர் எழுதிக்கொண்டே போனார். நான் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை.