அக்காவுக்கு நான் வைத்த பரீட்சை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய பெருமைகளை இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் அவருக்குச் செய்த கொடுமையை நானேதான் எழுத வேண்டும்.

அக்கா பிறந்தது சோழபுரத்தில். அப்பா காலமானதும் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வயல்காட்டு வேலைக்குப் போனார். பிறகு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சேர்ந்தார். அறுந்த நூலைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடுவார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்துக் கணக்கு வாத்தியார் ஆனேன். தமக்கென்று ஒரு குடும்பம் வேண்டும் என்று அக்கா கேட்கவில்லை. நாங்களும் அவரைக் கேட்கவில்லை.

ஓய்வு பெற்றபின் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களோடு இருந்தார். சமையல், காய்கறிக் கடை, கோயில் என்று ஓயாமல் நடமாடியவர், எழுபதைத் தாண்டியதும் ஒருநாள் பாலை அடுப்பில் வைத்து மறந்தார். இன்னொரு நாள் ரத வீதியில் வழி தெரியாமல் நின்றார். மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: "மறதி நோயோட ஆரம்பம். வேகத்தைக் குறைக்கப் பார்க்கலாம். நடக்க வைங்க, நாலு பேரோட பேச விடுங்க, பழகின வேலையைப் பறிக்காதீங்க. மூளைக்கு வேலை இருக்கணும்." காலமெல்லாம் பரீட்சை வைத்தே பிழைத்த என் காதில் கடைசி வாக்கியம் மட்டும் விழுந்தது.

பயந்துபோய்ச் சமையலறையைப் பூட்டினோம். வாசல் கேட்டையும் பூட்டினோம். தினமும் காலையில் நான் நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"அக்கா, இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாயா? செத்த நேரம் குடுலே, சொல்லுதேன்."

"பதில் சொன்னாத்தான் காப்பி."

காப்பி ஆறிப்போன நாள்கள் பல.

உறவினர்களே, நீங்களும் சும்மா இல்லை. செருப்பைக் கழற்றும்போதே, "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று ஆரம்பித்தீர்கள். அக்கா விழித்தால் சிரித்தீர்கள். "எம்புட்டு செஞ்சிருக்கேன், என்னயவே தெரியலையே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்களும் உண்டு. பயிற்சிதானே என்று நான் வேடிக்கை பார்த்தேன்.

எதிர்வீட்டு எஸ்தர் மட்டும், "பெரியம்மா, எஸ்தர் வந்திருக்கேன்" என்று சொல்லி முருங்கைக்கீரையை முன்னால் வைப்பார். அக்கா ஒரு காம்பு விழாமல் உருவிக்கொண்டே மில் கதையைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் பேசுவார். "இது கை வேலைம்மா, அக்காவுக்கு மூளை வேலை வேணும், பொறவு வா" என்று நான்தான் அனுப்பிவிட்டேன். சில மாதங்களில் என் குரல் கேட்டாலே அக்கா பின்கட்டுக்குப் போக ஆரம்பித்தார். நோய் முற்றுகிறது என்று நினைத்துக் கேள்விகளைக் கூட்டினேன்.

உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருப்பார்கள். போனவுடன் உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள். அவர்கள் கையில் இருக்கும் வேலையைப் பிடுங்காதீர்கள்.

அக்காவின் இறுதிக் காரியங்களில் துணை நின்ற அனைவருக்கும் நன்றி. நான் விரட்டிய பிறகும் வந்து அழுத எஸ்தருக்கு நன்றி. ராஜபாளையம் மருத்துவமனையில் கடைசி வாரம் அக்காவைக் கவனித்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும் நன்றி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டி, "இவிய யாரு பாட்டி?" என்று அவர் அன்பாகத்தான் கேட்டார்.

அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பரீட்சை வைக்குத சாரு. எனக்குத்தான் ஒண்ணுக்கும் பதில் வரல. எந்தம்பியும் வாத்தியார்தான். அவன் வரட்டும், இவியள என்னைய ஒரு கேள்வி கேக்க விடமாட்டான்."