இங்க் ஃபில்லரில் வளர்ந்தவள்

என் மூத்த மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஐம்பதுகளின் கடைசியில், திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில். சப்பிக் குடிக்க அவளுக்குத் தெம்பில்லை. பவுடர் பால் கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு உப்பிக் கல்லாக இறுகியது. உயிர் தங்குமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதை நிறுத்தி, என் பாலைப் பீய்ச்சிச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்த பிறகுதான் வயிறு இளகியது. "குடல் இன்னும் பிஞ்சும்மா. உன் பாலைத் தவிர வேற எதுவும் உள்ள போகக் கூடாது" என்று சொல்லித்தான் டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பினார்.

ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டுக்கு வந்ததும் புதிதாக ஓர் இங்க் ஃபில்லர் வாங்கிக் கொதிநீரில் போட்டெடுத்து, அதில்தான் புகட்டினேன். பேனாவுக்கு மை ஊற்றுகிற அதே கண்ணாடிக் குழாய்தான். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன்; மெத்தென்று இருந்தால்தான் அடுத்த வேளைப் பால்.

பெயர் வைக்கிற நாளில் ஜீயபுரத்திலிருந்து என் கணவரின் சொந்தம் முழுக்க வந்திறங்கியது. பெரியவர்கள் ஆளுக்கொரு சொட்டு சர்க்கரைத் தண்ணீரைக் குழந்தையின் நாக்கில் வைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். நான் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டேன்.

"வேணாங்க. வயித்துக்கு ஒத்துக்காது."

"நாங்க என்ன விஷமா வைக்கப் போறோம்?" கணவரின் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். என் கணவர் தரையைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் அழுகைகூட வரவில்லை.

சமையலறையிலிருந்து மாமியார் வந்தார். அவரும் என்னைத்தான் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பெரியப்பாவிடமிருந்து சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தை வாங்கி என் முன்னால் நீட்டினார்.

"வாயத் திற. எல்லாரும் இவ நாக்குல வைங்க. பாலா எறங்கிப் புள்ளைக்குப் போயிரும்."

பெரியப்பா முதற்கொண்டு அத்தனை பேரும் வைத்தார்கள். பிள்ளை பெற்றவள், கூடம் நிறைய ஆட்கள் பார்க்க நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமா? ராணி மாதிரி அல்லவா உட்கார்ந்திருந்தேன்!

தினமும் அவளை மார்பில் வைத்துப் பார்ப்பேன், நக்கிவிட்டுத் தூங்கிவிடுவாள். சில வாரம் கழித்து ஒரு நாள் காலையில், மார்பைக் கவ்விப் பிடித்து இழுத்தாள். வலியில் கத்திவிட்டேன். மாமியார் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

"கத்தாதடி, குடிக்கட்டும்" என்றார்.

விடாமல் குடித்தாள். இவள் பிழைத்துவிடுவாள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.