வெள்ளிக்கிழமைக் காற்று

என் கணவர் மவுத்தான பிறகு அவருடைய ஸ்கூட்டர் முன் விறாந்தையிலேயே நின்றது. ஓடாமல் நின்றால் டயரில் காற்று இறங்கிவிடும். அவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் காலால் மிதிக்கிற சின்னப் பம்பால் காற்றடிப்பார். கடைக்கு உருட்டிப் போகத் தேவையில்லை, செலவுமில்லை. கணவனை இழந்தவளாக நாலு மாதமும் பத்து நாளும் இத்தா காத்து வீட்டோடு இருந்த நாட்களில் வெள்ளிதோறும் நானே மிதித்தேன். அழுகை வரவில்லை. கால் மட்டும் வேலை செய்தது.

"மாமி, இத எறிங்க. சார்ஜ் போட்டுக் காத்தடிக்கிற குட்டிப் பம்ப் ஒண்டு வாங்கித் தாறன்" என்றார் மருமகன்.

"என்ட காலுக்குச் சார்ஜ் தேவல்ல மகன்."

இத்தா முடிந்ததும் ஸ்கூட்டரை விற்கச் சொன்னார்கள் பிள்ளைகள். எனக்கு விருப்பமில்லை. வாங்க வருகிறவருக்குப் பிடிக்காமல் போகட்டும் என்று நினைத்துக்கொண்டே வெள்ளிதோறும் காற்றடித்தேன்.

பொத்துவிலிலிருந்து ஒருவர் வந்து டயரை அமத்திப் பார்த்தார். "கல்லு மாதிரி இரிக்கி. இப்பவே ஓடிப் போகலாம்" என்றவர், "பம்பையும் தாங்களன் உம்மா" என்று கேட்டார்.

"அது விலைக்கில்ல தம்பி" என்றேன்.

அவர் ஓட்டிக்கொண்டு போனார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ பாங்கு கேட்டதும் பம்பைத் துடைத்து, ஸ்கூட்டர் நின்ற இடத்திலேயே வைத்தேன்.