ஓரம் வெட்டிய அட்டை

பேஸ்பால் ஆட்டத்தை நான் ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை. மட்டை உருளையாக இருக்கும், அடித்தவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடுவான், அவ்வளவுதான் தெரியும். ஆனால் அந்த ஆட்டக்காரர்களின் படம் அச்சடித்த பழைய அட்டை ஒன்றைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினால், அதன் ஓரத்தை யாராவது வெட்டியிருக்கிறார்களா, மூலைக்குச் சாயம் தடவியிருக்கிறார்களா என்று என்னால் சொல்ல முடியும். போடிநாயக்கனூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஓர் உரக்கடையின் மாடியில் உட்கார்ந்து நான் பார்க்கும் வேலை இதுதான்.

சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. அமெரிக்காவில் இந்த அட்டைகளைச் சேர்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் சிகரெட் பெட்டியிலும் சூயிங்கம் பொட்டலத்திலும் இலவசமாக வந்தவை. இன்று சில அட்டைகளின் விலைக்கு எங்கள் பக்கம் ஏலக்காய்த் தோட்டமே வாங்கிவிடலாம். அட்டை எவ்வளவு தேயாமல் இருக்கிறதோ அவ்வளவு மதிப்பு. அதனால் தேய்ந்த ஓரத்தை நைசாக வெட்டிப் புதிதுபோல ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். விற்பவரை வாங்குபவர் நம்புவதில்லை. இரண்டு பேரும் நடுவில் ஒரு தரம்பார்க்கும் கம்பெனியை நம்புகிறார்கள். கம்பெனிக்காரர்கள் அட்டையைச் சோதித்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடிக் கொடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அட்டையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. உறையின் மேலிருக்கும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

அப்படி ஒரு கம்பெனி, குறைகளைக் கணினியே கண்டுபிடிக்கும்படி ஒரு மென்பொருள் செய்கிறது. கணினிக்குக் கண் பழக வேண்டுமென்றால் முதலில் மனிதர்கள் படத்தைப் பார்த்துக் குறித்துக் கொடுக்க வேண்டும். அந்தக் குறிக்கும் வேலை சென்னைக்கு வந்து, சென்னையிலிருந்து எங்கள் மாடிக்கு வந்தது.

என் ஊர் சிலமலை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனது நான். கல்லூரிக்குப் போனதும் நான்தான். அம்மா விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளெல்லாம் தாண்டி, மலைமேல் தோட்டங்களுக்கு ஏலக்காய் எடுக்கப் போய்வருவார். சரிவில் குனிந்து குனிந்து, கடைசியில் அவருடைய வலது முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. எனக்கு வேலை கிடைத்த மாதமே அவரை ஜீப்பிலிருந்து இறக்கினேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். எங்கள் தெருவில் வேறு எந்தப் பெண்ணும் தன் அம்மாவை ஜீப்பிலிருந்து இறக்கவில்லை.

வேலையின் தொடக்கத்திலேயே எங்கள் மாடி முழுக்க ஒரே தவறைச் செய்தோம். அட்டையின் ஓரம் எப்படி இருக்கிறது என்று மதிப்பிட வேண்டும். கத்தி வைத்துக் கீறியதுபோல ஓரம் கூர்மையாக இருந்தால் நாங்கள் எல்லோரும் ‘மிக நன்று’ என்று குறித்தோம். எங்களில் பாதிப் பேருக்கு அம்மாவோ அத்தையோ ஏலக்காய்க் கிடங்கில் காய் தரம் பிரிப்பவர்கள். காய்ந்த காயின் முனையில் காம்பும் வாலுமாக ஒட்டியிருப்பதைக் கத்தரித்துச் சுத்தமாக்கினால் அது மேல்தரம், வாலோடு இருந்தால் கீழ்த்தரம். அதைப் பார்த்து வளர்ந்த கண் எங்களுக்கு. வெட்டினால் மதிப்புக் கூடும் என்பது யாரும் சொல்லித்தராமலே தெரியும். பழைய அட்டையில் வெட்டுதான் மோசடி என்பது அந்த வாரம் சென்னையிலிருந்து கத்திய பிறகுதான் உறைத்தது.

வீட்டில் சொன்னபோது அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை.

“வால வெட்டுனா வெல கூடத்தானத்தா செய்யும்? அதுல என்ன களவு?”

“காயில வெட்டுறது எல்லாருக்கும் தெரிஞ்சு வெட்டுறதும்மா. இது வெட்டிட்டு வெட்டலன்னு விக்கிறது.”

“அப்ப வெட்டுனேன்னு சொல்லிட்டு விக்க வேண்டியதுதான?”

“சொன்னா எவன் வாங்குவான்?”

“கோட்டிக்காரப் பயலுக” என்று சொல்லிவிட்டு அம்மா புளியைக் கரைக்கப் போய்விட்டார்.

அந்தத் தவறால் எங்கள் எல்லோர் பெயரிலும் ஓர் எச்சரிக்கை விழுந்தது. இனிமேல் ஒழுங்காகச் செய்யாதவர்களுக்கு இந்த வேலை கிடையாது என்றார்கள். எங்கள் மாடியில் வேறு வேலையும் கிடையாது.

ஒழுங்காகச் செய்கிறோமா என்று பார்க்க அவர்களிடம் ஒரு வழி இருந்தது. ஏற்கெனவே நிபுணர்கள் மதிப்பெண் போட்டு முடித்த சில அட்டைகளையும் எங்கள் வேலைக்குள் கலந்து அனுப்புவார்கள். எது அந்த அட்டை என்று எங்களுக்குத் தெரியாது. நிபுணர் விடையோடு எங்கள் விடை பொருந்துகிறதா என்று வாரக் கடைசியில் சொல்வார்கள். நிபுணர் விடைக்கு ஆபீசில் ‘கோல்டு’ என்று பெயர். விடை தவறிவிட்டால் திரையில் இரண்டு பொத்தான்கள் வரும். ஒத்துக்கொள்கிறேன் என்று அழுத்தினால் மறுபயிற்சியோடு தப்பித்துவிடலாம். மறுக்கிறேன் என்று அழுத்தலாம். ஆனால் மறுத்து, அதிலும் நாம்தான் தவறு என்று ஆகிவிட்டால், எச்சரிக்கை வாங்கியவர்கள் வெளியே போக வேண்டியதுதான். அதுவரை யாரும் அந்த இரண்டாவது பொத்தானைத் தொட்டதில்லை.

சாரல் பிடித்திருந்த ஒரு வாரத்தில் எனக்கு அந்தத் திரை வந்தது.

பழுப்பேறிய பழைய அட்டை. தொப்பி போட்ட ஒருவர் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். நான் ‘வலது ஓரம் வெட்டப்பட்டது’ என்று குறித்திருந்தேன். கோல்டு விடை ‘ஓரம் அசல்’. கம்பெனி அந்த அட்டைக்கு ஐந்து மதிப்பெண் போட்டு மூடியிருந்தது.

எங்கள் டீம் லீடர் என்னைவிடச் சில வயது மூத்தவர், போடிக்காரர். எல்லோருக்கும் அக்கா. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏத்தா, நமக்குப் படம்தான் தெரியும். அவுங்க அட்டையக் கையில வாங்கி, லென்ஸ் வச்சுப் பாத்து மார்க் போட்டிருக்காங்க. நீ என்னத்தக் கண்ட?”

“வலது ஓரம் ஒடுங்கியிருக்குக்கா.”

“அந்தக் காலத்துல பாக்டரியிலயே அளவு முன்னப்பின்னதான் வெட்டுவாங்கன்னு பாடத்துலயே போட்டிருக்குல்ல?”

“அளவ விடுங்க. மூலையப் பாருங்க.”

பெரிதாக்கிக் காட்டினேன். இடப்பக்க மூலைகள் இரண்டும் லேசாக மழுங்கியிருந்தன. வலப்பக்க மூலைகள் இரண்டும் கூராக இருந்தன. ஒரே அட்டை, ஒரே பையில், ஒரே காலம் கிடந்திருக்கிறது. ஒரு ஜோடிச் செருப்பில் இடது மட்டும் தேய்ந்து, வலது கடையிலிருந்து வந்தபடி இருக்குமா? மற்ற மூன்று ஓரங்களில் நார் பிரிந்து, உள்ளே போகப்போகப் பழுப்பு மெல்லக் குறைந்தது. வலது ஓரத்தில் மட்டும் டிக்காஷன் தடவியதுபோல ஒரு கோடாக நின்றது.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். “எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. ஆனா கோல்டு கோல்டுதான். ஒத்துக்கிறேன்னு அமுக்கிட்டுப் போயிரு.”

பக்கத்து இருக்கையில் பொட்டிபுரத்துத் தோழி. அவள் அதே அட்டைக்கு ‘அசல்’ என்று குறித்து முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். “என்னடி, ரிவ்யூ கேக்கப் போறியா?” என்றாள். “கிரிக்கெட்ல ரிவ்யூ தோத்தா அந்த ஆட்டத்துக்கு மட்டுந்தான் அவுட்டு. இங்க பேட்ஸ்மேனே வீட்டுக்குத்தான்.”

நான் மதிப்பெண்களை நம்பி வளர்ந்தவள். விடைத்தாளைத் திருத்துகிறவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர் போட்ட எண் அச்சான தாளைத்தான் அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பிளஸ் டூவில் கணக்கில் குறைந்தபோது மறுகூட்டலுக்கு எழுது என்று டீச்சர் சொன்னார். எழுதவில்லை. போட்டவருக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன். அந்தப் பழக்கம் அன்றைக்கும் என் விரலை முதல் பொத்தானுக்குத்தான் கொண்டுபோனது.

ஆனால் அதை அழுத்தினால் இந்த ஓரம் நல்ல ஓரம் என்று நானே கணினிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது ஆகும். இனி இப்படி வெட்டிய அட்டை எது வந்தாலும் கணினி அதை நல்லது என்று சொல்லும். இது ஒரு காரணம். இன்னொன்று, கண்ணால் கண்டதைக் காணவில்லை என்று சொல்ல எனக்கு வராது. எது பெரிய காரணம் என்று கேட்டால் இரண்டாவதுதான்.

மறுக்கிறேன் என்று அழுத்தினேன். காரணம் எழுதும் கட்டத்தில் மூலைகளைப் பற்றியும் ஓரத்தின் பழுப்பைப் பற்றியும் இங்கிலீஷில் எழுதினேன். அக்கா பின்னால் நின்று படித்துவிட்டு, “இங்கிலீஷ் என்னமோ நல்லாத்தான் இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் மறைக்கவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே முழங்காலில் தைலம் தேய்த்தார்.

“அவுக பெரிய ஆளுக. அவுக சரிங்கிறத நீ தப்புங்கிற. ஒனக்கு எதுக்கு இந்த வேண்டாத சோலி?”

“தப்புன்னா தப்புதானம்மா.”

“வேல போச்சுன்னா?”

அடுத்த நாள் காலை பஸ்சுக்கு நிற்கும்போது, மலையிலிருந்து காலி ஜீப்பை ஓட்டிக்கொண்டு இறங்கி வந்த டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

“பாப்பா, விடியக்கால அம்மா கேட்டுச்சே, அதுட்ட சொல்லிரு. மூணு வாரங் கழிச்சு வர்ற திங்கக்கெழமைக்குத்தான் சீட்டு கெடச்சுச்சு. முன்னாடியே உக்காரலாம், காலு நீட்டிக்கிறலாம்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பஸ்சை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி ஓடினேன். அம்மா அசரவில்லை.

“இது காய் எடுப்பு நேரம். இப்ப சீட்டு விட்டுட்டா பெறகு கெடைக்காது. நீ ஒன் சோலியப் பாரு, நான் என் சோலியப் பாக்குறேன்.”

“முட்டிய மடக்க முடியாம மலையில என்ன செய்வ?”

“நின்னுக்கிட்டே எடுப்பேன். போ, அடுத்த பஸ்சையும் விட்டுறாத.”

அந்த மூன்று வாரமும் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. பஸ் ஜன்னலில் மலையைப் பார்க்கும்போதெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஜீப் தெரிந்தது. ஆபீசில் மற்ற அட்டைகளைக் குறிக்கும்போது முதல்முறையாக என் கண் மேலேயே சந்தேகம் வந்தது. அந்த அட்டையைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒரு நாள் வெட்டு பளிச்சென்று தெரியும். மறுநாள் அது பாக்டரி வெட்டாகவே இருக்குமோ என்று தோன்றும். கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது? பதில் வர நாளாகும் என்று அக்கா சொன்னார். என் இருக்கைக்குப் புதிதாக ஆள் பார்த்துவைக்கச் சென்னைக்காரர்கள் கேட்டிருந்ததை அவர் என்னிடம் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்திருந்ததை நானும் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை மதியம் நான் கீழே நின்றபோது அக்கா மாடிப்படியில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குரலை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. போனேன். அவருடைய திரையில் மெயில் திறந்திருந்தது. “நீயே படி.” என்று நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

அட்டை அதன் உரிமையாளரிடம் இருந்தது. கம்பெனிக்காரர்கள் அதைத் திரும்ப வரவழைத்து, உறையைப் பிரித்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வலது ஓரம் வெட்டப்பட்டது, வெட்டிய இடத்தில் நிறம் ஏற்றப்பட்டிருக்கிறது. பழைய மதிப்பெண் ரத்து. கோல்டிலிருந்து அந்த அட்டை நீக்கம். என் பெயரிலிருந்த எச்சரிக்கையும் நீக்கம். கடைசியில் ஒரு வரி, நன்றி.

நான் மூன்றாம் முறை படிக்கும்போது தோழி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். “அடிப்பாவி, நீ ஜெயிச்சதுல என் ஃபுல் மார்க்கு போச்சேடி” என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குப் பசித்தது. அப்படி ஒரு பசி. கீழே இறங்கி, கடையில் நின்றபடியே பஜ்ஜியும் டீயும் வாங்கி, வாய் சுடச்சுடத் தின்றேன். கையெல்லாம் எண்ணெய். அந்தக் கையோடு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“நான் சொன்னதுதாம்மா சரி. வெட்டுன அட்டைதான்.”

அந்தப் பக்கம் மூச்சை விடும் சத்தம் கேட்டது.

“வேல இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப அந்த அட்டைக்காரன் கதி? அவன் காசு போட்டு வாங்குனவன்தான?”

“ஆமா.”

“அவனாவது வாங்கையில ஓரத்தப் பாத்திருக்கக் கூடாது?”

“ஒறையத்தான் பாத்திருப்பான்.”

“பாவம்” என்றார் அம்மா. அந்த மனிதருக்குக் கம்பெனி ஏதாவது ஈடு செய்ததா என்று எங்களுக்குச் சொல்லவில்லை. எனக்கும் அவர்மேல் இரக்கம் வந்தது, ஆனால் அன்றைக்கு வரவில்லை. அன்றைக்கு எனக்கு இன்னொரு பஜ்ஜிதான் வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை விடிவதற்கு முன் வாசலில் ஜீப்பு ஹாரன் அடித்தது. ஞாயிறு முழுக்கச் சந்தோஷத்தில் கிடந்த நாங்கள் டிரைவர் அண்ணனிடம் சொல்ல மறந்துபோயிருந்தோம். தலையைக்கூட வாரி முடியாமல் வெளியே ஓடினேன். பின்னால் துண்டால் தலையை மூடிக்கொண்டு பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். முன்சீட்டு காலியாக இருந்தது.

“அம்மா வரலண்ணே.”

“அதென்ன பாப்பா, சண்ட போட்டு முன்சீட்டு வாங்குச்சு. இப்ப வரலயா?”

பின்னாலிருந்து ஒரு குரல். “ஒங்காத்தாளுக்குப் பென்சன் வந்துருச்சாக்கும்?”

“ஆமா சின்னம்மா, வந்துருச்சு” என்றேன்.

“அப்ப நான் முன்னாடி வர்றேன்” என்று அந்தச் சின்னம்மா, மற்றவர்கள் காலை மிதித்துக்கொண்டு இறங்கி வந்து முன்சீட்டில் ஏறிக் காலை நீட்டிக்கொண்டார். வசவும் சிரிப்புமாக ஜீப்பு கிளம்பிப் போனது.

உள்ளே அம்மா போர்வையிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டார்.

“போயிட்டானா?”

“போயிட்டாங்க.”

“அப்பக் கதவச் சாத்து. பனி அடிக்குது.”