பேச்சியம்மாள் வீட்டு ரிவால்வர்

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகன் செந்தில் திருநகரில் இருக்கும் என் வீட்டுக்கு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தான். நகைக்கடை வைத்திருப்பவன். ரொம்ப நாள் அலைந்து லைசென்ஸ் வாங்கி, அந்த வாரம்தான் ரிவால்வர் கைக்கு வந்திருந்தது. "அத்தை, நீங்க துப்பாக்கிக் கடையில வேலை பாத்தவுகதான? எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்று பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தான்.

தோட்டா போடவில்லை என்று அவன் சொன்னான். இருந்தாலும் உருளையைத் திறந்து எல்லா ஓட்டையையும் பார்த்த பிறகுதான் நான் மனசு சமாதானமாகிக் கையில் பிடித்தேன். அந்தப் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. எடையே இல்லை. டிவி ரிமோட்டைக் கொஞ்சம் கனமாகச் செய்ததுபோல இருந்தது. புது ஃபிரிட்ஜைத் திறந்தால் ஒரு வாசனை வருமே, அந்த வாசனை. பிடி ரப்பர். திருகாணிகள் பளபளவென்று கடைச்சரக்காக இருந்தன.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். என் குரலில் ஏதோ குறைந்திருக்க வேண்டும். "பழசுதான் ஒசத்தின்னு சொல்லப்போறீக, அதான?" என்று சிரித்தான். எனக்கு அப்படி ஒரேயடியாகச் சொல்லவும் வரவில்லை. அவன் போன பிறகும் விரலில் அந்த ரப்பர் வாசனை இருந்தது. அதை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தவளுக்கு வேறொரு வாசனை ஞாபகம் வந்துவிட்டது.

துப்பாக்கி எண்ணெயும் பழைய தோலும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் கலந்த வாசனை அது. சிம்மக்கல் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது அந்தக் கடை. எங்களுக்குச் சொந்த ஊர் திருவாதவூர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார்கள். டைப்ரைட்டிங் முடித்த கையோடு அந்தக் கடையில் வேலை கிடைத்தது. லைசென்ஸ் மனுக்களை டைப் அடிப்பது என் வேலை. ஊரில் யாராவது கேட்டால் அம்மா, "மருந்துக் கடையில இருக்கா" என்பாள். பொய் என்றும் சொல்ல முடியாது. துப்பாக்கிக்குப் போடுவதும் மருந்துதானே. ஒருமுறை பெண் பார்க்க வந்தவர் தன் அப்பாவின் மூட்டுவலிக்கு எந்த மாத்திரை நல்லது என்று என்னிடம் கேட்டார். நானும் ஏதோ ஒரு பெயரைச் சொல்லி வைத்தேன். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. மாத்திரை காரணமா என்று தெரியாது.

எங்கள் ஊரில் என்னைத் திரும்பிப் பார்க்காத ஆட்கள்கூட அந்தக் கடையில் என் மேசைக்கு முன்னால் வந்து, "டைப்பிஸ்ட் அம்மா, நம்ம பேப்பர் ரெடியா?" என்று நிற்பார்கள். அதில் எனக்கு ஒரு ரகசிய சந்தோஷம் உண்டு. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும். கோயில் வாசலில் செருப்பு விடுவதுபோல ஒவ்வொருவராக எங்கள் கடைக்கு வந்து விட்டுவிட்டுப் போவார்கள். இரும்புப் பீரோ நிரம்பிவிடும். அந்த நாட்களில்தான் பழைய ரிவால்வர்களை நான் ஆற அமரப் பார்த்தேன்.

எங்கள் முதலாளிக்கு அவற்றின் மேல் கொள்ளை ஆசை. இங்கிலாந்தில் செய்த ஒன்றைப் பச்சைத் துணியின் மேல் வைத்து, "இந்த நெறத்தைப் பாரும்மா" என்பார். கறுப்பு என்று நினைத்திருப்போம். வெளிச்சத்தில் திருப்பினால் பிஞ்சுக் கத்தரிக்காய்த் தோலின் கருநீலம் தெரியும். மரப்பிடியில் கையால் கீறிய சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். யார் விரலோ. உள்ளே யாரும் பார்க்கப்போகாத தகடுகளைக்கூட அரம் போட்ட தடம் தெரியாமல் இழைத்திருப்பார்கள். ஒவ்வொரு சின்ன உறுப்பிலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். ஒன்றின் உறுப்பு இன்னொன்றில் சேராது. அதன் அளவுக்கு அதையே தேய்த்துத் தேய்த்துப் பொருத்தியது.

இதெல்லாம் அழகுதான். ஆனால் கீழே விழுந்தால் தானாகவே வெடித்துவிடக்கூடியவையும் அந்தப் பழசுகளில் உண்டு. அதற்குப் பயந்து ஒரு ஓட்டையைக் காலியாக விட்டு வைத்திருப்பார்கள். செந்திலின் ரிவால்வரில் அந்தப் பயம் கிடையாது. விசையை அழுத்தினால் ஒழிய வெடிக்காதபடி உள்ளே ஒரு தடுப்பு இருக்கிறது. ஓர் உறுப்பு போனால் வேறொன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். அதனால்தான் எது ஒசத்தி என்று கேட்டால் நான் முழிக்கிறேன். இந்தக் கேள்விக்கு ஒரே ஒருவர்தான் தயங்காமல் பதில் சொன்னார். அவர் பேச்சியம்மாள்.

செக்கானூரணிக்கு மேற்கே ஓர் ஊர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டதால் அவருடைய ரிவால்வர் எங்கள் கடைப் பீரோவில் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஒருநாள் மத்தியானம் மஞ்சள் பையோடு வந்து வாசலிலேயே நின்றார். ஆண்கள் உட்காரும் பெஞ்சில் உட்காரவில்லை. பிறகு நேராக என்னிடம் வந்து, "எங்க வீட்டுக்காரரு துப்பாக்கி இங்க கெடக்காம்ல தாயி. அதைப் பாக்கணும்" என்றார்.

முதலாளி எடுத்துப் பச்சைத் துணியில் வைத்தார். அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தொடலாமா?"

"உங்களுதுதானம்மா. தொடுங்க" என்றேன்.

தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பவர்போல ஒரு விரலை வைத்துச் சட்டென்று எடுத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழமையானா அறைக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிருவாக. உள்ள கடக்கு கடக்குன்னு சத்தம் கேக்கும். பொம்பளை கை படக்கூடாதும்பாக. ஒருநாளும் என்னையப் பாக்க விட்டதில்ல. அப்படி என்னதான் இருக்குன்னு ஒருக்காப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

முதலாளி ரிவால்வரின் கொக்கியைத் தள்ளி, குழாயைக் கீழே மடக்கினார். அந்த ரகம் நடுவில் மடங்கும். மடங்கும்போதே உருளைக்குள்ளிருந்து நட்சத்திரம் மாதிரி ஒரு தகடு எழுந்து வந்து, 'டக்'கென்று மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தது. வெடித்த தோட்டாக்களைத் தள்ளிவிடுவதற்கான ஏற்பாடு அது. பேச்சியம்மாள் கண்களை இடுக்கிக்கொண்டு குனிந்து, "இன்னொருக்காச் செய்யுங்க" என்றார். மறுபடியும் மடக்கிக் காட்டினார் முதலாளி.

"இம்புட்டுதானா? இதுக்கா அம்புட்டு வருசம் கதவைச் சாத்துனாக?"

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் தயங்குவது எனக்குத் தெரிந்தது. பிறகு மெதுவாக, "இதைப் பாத்துருவீகன்னு சாத்தலம்மா. உள்ள ஒண்ணுமில்லங்கிறதைப் பாத்துருவீகன்னு சாத்திருப்பாரு" என்றார்.

அந்த அளவுத் தோட்டா வெளிநாட்டிலிருந்து வருவது எப்போதோ நின்றுபோயிருந்தது. இங்கே அதைச் செய்வாரும் இல்லை. பேச்சியம்மாளின் கணவர் கடைசித் தோட்டாவைச் செலவழித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. "நானும் எங்கெங்கயோ கேட்டுப் பாத்தேம்மா. புதுசு வாங்கிக்கங்கண்ணே, தோட்டா தாராளமாக் கெடைக்கும்னேன். வேணாம்னுட்டாரு. இது கையில இருந்தா ஒரு கனம் இருக்கு, புதுசுல அது இல்லன்னாரு. யாருகிட்டயும் சொல்லிறாதீகன்னு எங்கையைப் புடிச்சுக்கிட்டாரு."

பேச்சியம்மாள் அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கொடுத்த தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, மேக்காட்டுக் கெணத்துத் தகராறுல இதை இடுப்புல சொருகிக்கிட்டு முன்னால போயி நின்னாகளே. அப்பவும் இல்லையா?"

"அப்பவும் இல்லம்மா."

"பாவி மனுசன்" என்றார். "பக்கத்து ஊர்லருந்து வேல்கம்பு அரிவாளோட எத்தன பேரு வந்தானுக. வெறும் இரும்பை வச்சுக்கிட்டா அங்க போயி நின்னாக." சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தெருவில் டவுன் பஸ் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முதலாளி ரிவால்வரை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "இதை எம் பேருக்கு மாத்தணும்னா என்ன எழுதணும் தாயி?" என்றார்.

அதற்குக் காரணம் இருந்தது. அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள், ஆண்வாரிசு இல்லை. கொழுந்தன் தவமணி, மேற்காட்டுக் கிணறும் அதை ஒட்டிய நிலமும் தன் பக்கம் வர வேண்டும் என்று நெருக்கிக்கொண்டிருந்தார். ரிவால்வரையும் கேட்டார். எங்கள் கடைக்கே வெள்ளைச் சட்டையில் வந்து, "அண்ணன் சாமான் தம்பிக்குத்தான் சேரும். பொம்பளைக்கு எதுக்கு?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். லைசென்ஸ் விசாரணையிலும் பேச்சியம்மாளிடம் அதையேதான் கேட்டார்களாம். "எம் புருசனுக்கு எதுக்கு இருந்துச்சோ அதுக்குத்தான்யா" என்றாராம். எத்தனையோ நடைக்குப் பிறகு லைசென்ஸ் கிடைத்தது. மஞ்சள் பைக்குள் ரிவால்வரும் அதற்கு மேல் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக அவர் பஸ் ஏறியதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கிணற்றுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. "ஞாயித்துக்கெழம ஆனா இப்ப நான் கதவைச் சாத்திக்கிறேன்" என்று அடுத்த முறை வந்தபோது சொன்னார். எண்ணெய் வாங்கத்தான் வருவார். கடைச்சரக்கை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு போவார்.

துப்பாக்கி விஷயத்தில் தவமணி விடவில்லை. மதினிக்குச் சரியாகத் தானும் லைசென்ஸ் வாங்கி, அரசாங்கத் தொழிற்சாலையில் செய்த புது ரிவால்வர் ஒன்றுக்கு எங்கள் கடையில் ஆர்டர் கொடுத்தார். அது வந்திருந்த அன்று தற்செயலாகப் பேச்சியம்மாளும் வந்திருந்தார். தன்னுடையதையும் பழுது பார்க்கக் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் பச்சைத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். ஒவ்வொரு கையிலும் ஒன்றை எடுத்து, காய்கறி நிறுப்பவர்போலத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"எதும்மா நல்லாருக்கு?" என்று நான் கேட்டேன்.

"இது சுடுற சாமான்" என்று புதியதைக் கீழே வைத்தார். "இது வச்சிருக்கிற சாமான்."

தவமணி புதியதை எடுத்துப்போன மறுவருடம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தலில் சந்தோஷம் தாங்காமல் வானத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறார். குண்டு தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. நல்லவேளையாக ஆளுக்கு ஒன்றுமில்லை. போலீஸ் வந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனது, லைசென்ஸும் ரத்தாகிவிட்டது. அந்த அவமானத்தில் அவர் ரொம்ப நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. முதன்முதலாகப் பார்க்கப் போனது பேச்சியம்மாள்தான். கோழி அடித்துக் குழம்பு வைத்துத் தூக்குவாளியில் கொண்டுபோனாராம். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து சகஜமாகிவிட்டது.

வருடங்கள் ஓடின. பெண்கள் இருவரும் கல்யாணமாகிப் போனார்கள். முதலாளி காலமானதும் அவர் பிள்ளைகள் கடையை மூடினார்கள். நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கப் போய்விட்டேன். ஒருநாள் பேச்சியம்மாள் என்னைத் தேடிக்கொண்டு அங்கே வந்தார். "எனக்குப் பெறகு இதுக்கு யாரும் அடிச்சுக்கக் கூடாது தாயி. கவருமெண்டுகிட்டயே குடுத்துருவோம்" என்றார். மனுவை நானே அடித்துக் கொடுத்தேன். ஸ்டேஷனுக்குத் துணைக்கும் போனேன். தவமணிதான் தன் வேனில் எங்களை அழைத்துப் போனார். அவருக்கும் தலை முழுக்க நரைத்திருந்தது.

ஸ்டேஷனில் அதிகாரி ரிவால்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னமா செஞ்சிருக்கான்" என்றார். பிறகு, "தோட்டா எங்கம்மா?" என்று கேட்டார்.

"இல்லய்யா. எங்க வீட்டுக்காரரு காலத்துலயே தீந்துபோச்சு."

பக்கத்தில் நின்ற தவமணி திரும்பி மதினியைப் பார்த்தார். "எப்ப இருந்து?"

"மேக்காட்டுக் கெணத்துத் தகராறுக்கு முன்னாடியே."

அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அன்னைக்கி அண்ணனுக்குப் பின்னால நான்தான மதினி நின்னேன். அது இருக்குங்கிற தைரியத்துலதான நின்னேன்" என்றார். சொல்லச் சொல்லவே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பேச்சியம்மாளும் சிரித்தார். அதிகாரி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் ரசீதை வாங்கி மடித்துக்கொண்டேன்.

ஒப்படைத்த துப்பாக்கிகளைக் கடைசியில் வெட்டி உருக்கிவிடுவார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். சிம்மக்கல்லில் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். மேற்காட்டுக் கிணற்றை ரோடு அகலப்படுத்தும்போது மண் போட்டு மூடிவிட்டார்கள். மதினியும் கொழுந்தனும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது கிணறு எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று தேடிப் பார்க்கிறேன். கண்டுபிடிப்பதற்குள் பஸ் தாண்டிவிடுகிறது.