தண்ணி ஊத்தாத சோறு

தெருமுனை வண்டிக்கடையில் கரண்டி இரும்புச் சட்டியில் மோதும் சத்தம் கேட்டால், மனசால் நான் சின்ன வயதில் இருந்த சென்னை எம்.கே.பி. நகர் வீட்டுக்குப் போய்விடுவேன். எதிர்வீட்டு ரோஸி அக்கா அப்படியொரு கடையில்தான் ஃப்ரைடு ரைஸ் போட்டாள். சுற்றி நிற்கும் ஆண்களெல்லாம் அவளை ‘மாஸ்டர்’ என்பார்கள். எனக்கும் அப்படி ஆக ஆசை.

முதல் நாள் மீந்த சோறு வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒரு லீவு நாளில் அக்கா எனக்கு ஃப்ரைடு ரைஸ் சொல்லித்தர வந்தாள். பானையைத் திறந்தால், அம்மா வழக்கம்போல் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள்.

“இன்னாக்கா, சோத்த நீச்சல் அடிக்க வுட்டுட்ட?” என்று அக்கா சிரித்தாள்.

“ஊத்தலன்னா ஊசிப்பூடும்டி. உன் சைனா சோறு யாருக்குத் தெரியும்?” என்றாள் அம்மா.

அன்று மூவரும் வெங்காயம் கடித்துக்கொண்டு பழையதையே சாப்பிட்டோம்.

மறுநாள் அம்மா மனசில்லாமல் தண்ணீர் படாத சோற்றைத் தந்தாள். அக்கா கரண்டியை என் கையில் கொடுத்து, “அழுத்தாத, தூக்கித் தூக்கிப் போடு” என்றாள். முட்டையும் கோஸும் மிளகுத்தூளும் சேர்ந்து, சோறு பருக்கை பருக்கையாக வந்தது. அம்மா இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். இன்றைக்கும் மீந்த சோற்றின் மேல் சொம்பைச் சாய்க்குமுன் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.

“ஊத்தட்டா, மாஸ்டர்?”